நேரலையில் ஒரு ஏப்பம்

ஏப்பம் எல்லாருக்கும் வரும். மந்திரிக்கும் வரும், மணப்பெண்ணுக்கும் வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வானொலியில் மதியச் செய்தி வாசிக்கும்போது, அதுவும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் காலமான செய்தியில், "அன்னாரின் மறைவு நாட்டுக்கு ஈடுசெய்ய முடியாத" என்று சொல்லிவிட்டு "இழப்பு" என்று முடிப்பதற்குள், குழாயில் காற்று அடைத்துக்கொண்டு கக்கின மாதிரி ஒன்று வந்தால் அதைத் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். வந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு "இழப்பு" என்று அவள் அழுத்தந்திருத்தமாகச் சொன்னதையும் ஊர் கேட்டது.

அவளைத் தெருவில் எல்லாரும் நியூஸக்கா என்பார்கள். காய்கறிக்காரர், தையல்காரர், அவளைவிட மூத்தவரான பக்கத்து வீட்டு வாத்தியார்கூட நியூஸக்கா என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மதியமானால் கடையில் ரேடியோ அலறும். வந்தவர் மூக்கில் வில்லையை மாட்டியபடியே, "இப்ப வாசிக்கிறது நம்ம வீட்டம்மா" என்று சொல்லாமல் விடமாட்டார். அந்தக் குரலுக்கு அவ்வளவு மவுசு. குரலுக்குச் சொந்தக்காரிக்கும் அது நன்றாகத் தெரியும். கர்வம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

செய்தி வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயிற்றில் சோறு இருந்தால் மூச்சு முட்டும், வயிறு கடமுடா என்று பேசும், ஒலிவாங்கி அதையும் சேர்த்து ஊருக்குச் சொல்லிவிடும் என்று பயந்து, வாசித்து முடிக்கும் வரை பட்டினி கிடப்பார்கள். வெறும் வயிறுதான் அதிகம் பேசும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நியூஸக்காவுக்குக் காலையில் ஒரு கறுப்புக் காப்பி, நடுவில் இன்னொரு கறுப்புக் காப்பி, அவ்வளவுதான். வாசிக்கப் போகுமுன் நடையில் நின்றபடி ஒரு சோடா. அதைக் கடகடவென்று குடித்து, ஆளில்லாத மூலையாகப் பார்த்து இரண்டு ஏப்பம் விட்டுவிட்டால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் காலி, செய்தி முடியும் வரை கவலையில்லை என்பது அவள் கணக்கு. மூத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்பாள்.

செய்தி முடிந்ததும் பசி பேயாகப் பிடித்துக்கொள்ளும். நின்றபடி, பேசியபடி, ஃபோனைப் பார்த்தபடி அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வாள். ராத்திரிச் சாப்பாடு எந்நேரமானாலும் ஆகும், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் படுக்கை. அப்புறம் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? கைப்பையில் மாத்திரை எப்போதும் இருக்கும். மிட்டாய் மாதிரி சப்புவாள்.

அன்றைக்கு அவள் சோடாவைக் குடித்து முடிக்கும்போதே செய்திப் பிரிவிலிருந்து ஒருவர் ஒற்றைத் தாளோடு ஓடிவந்தார். "மேடம், நீதிபதி தவறிட்டாரு. முதல் செய்தி மாறுது. ஓடுங்க, ஓடுங்க!" ஓடினாள். காற்றை வெளியே விட நேரம் ஏது? அத்தனையும் உள்ளேதான். நாற்காலியில் உட்கார்ந்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது, வணக்கம் சொன்னாள். மிச்சத்தைத்தான் ஊரே கேட்டுவிட்டதே.

செய்தி முடிந்து விளக்கு அணைந்ததும், அன்றைய ஒலிபரப்புக்குப் பொறுப்பான பணி அதிகாரி கதவை உடைக்காத குறையாக உள்ளே வந்தார். எதற்கெடுத்தாலும் வியர்க்கிற மனிதர். அன்றைக்குச் சட்டையே நனைந்திருந்தது.

"யாரு? யாரு அது?" என்று கத்தினார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் கண் கண்ணாடிச் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனது. அங்கே ஒலிப்பலகைக்கு முன்னால் இடி உட்கார்ந்திருந்தார்.

இடி என்பது அந்த ஒலிப்பதிவாளருக்கு நிலையம் வைத்த பெயர். ஏன் வைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அவர் மாடிப்படி ஏறி வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். கூட்டத்தில், மின்தூக்கியில், விருந்தாளி முன்னால் என்று பாராமல் வரும். பாவம், அவர் வேண்டுமென்றா செய்தார்? பிறகு அவரும் அவர் மனைவியுமாக உட்கார்ந்து யோசித்து, சாப்பிடுகிற நேரத்தை மாற்றி, அளவை மாற்றி, மெல்லுகிற விதத்தைக்கூட மாற்றி, வருஷக்கணக்கில் பாடுபட்டு வயிற்றை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அவரிடமிருந்து ஒரு சத்தமும் கிடையாது. ஆனால் இதை யாரும் கவனிக்கவில்லை. பெயர் ஒட்டினது ஒட்டினதுதான்.

"இடிதானே மேடம்? உங்ககூடப் பேசுற பட்டனை அமுக்கினபடியே விட்டுட்டாரா? அந்த ரூம்லேருந்துதானே வந்துச்சு?" என்றார் அதிகாரி.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னையறியாமல் வந்துவிட்டது சார், மன்னியுங்கள் என்றால் ஒரு வாரம் கேலி பேசுவார்கள், அப்புறம் மறந்துபோவார்கள். நியூஸக்கா வாயைத் திறந்தாள். அழகான, தெளிவான, மவுசுள்ள அந்தக் குரலில் சொன்னாள்.

"ஆமா சார். அந்தப் பக்கத்துலேருந்து வந்த மாதிரிதான் இருந்துச்சு."

மாதிரி இருந்ததாம்! சோடாவின் சுள்ளென்ற நெடி அவள் மூக்கில் இன்னும் அடங்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடி தலையிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குக் கேட்டது என்ன? இரண்டு காதிலும், மண்டைக்கு நடுவில், ஒரு ஏப்பம். ஹெட்ஃபோனில் கேட்கிற எதுவும் தனக்குள்ளேயே கேட்பது போலத்தான் இருக்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் பல தடவை அவர் மனைவி, "இப்ப விட்டீங்க" என்பாள், "நானா?" என்று அவர் கேட்பார். தனக்குத் தெரியாமலே வருகிற வழக்கம் உள்ள மனிதர். அதிகாரி போய்க் கேட்டதும் அவர் மறுக்கவே இல்லை. "நானாத்தான் இருக்கும் சார்" என்றார்.

வீட்டுக்குப் போனால் கணவர் கதவைத் திறக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க."

"பின்ன அழவா? கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குற சத்தம் எனக்குத் தெரியாதா? ஒரு பெரியம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிட்டு இருந்தேன். அந்தம்மா பயந்துபோயி தலையை ஆட்ட, கண்ணாடிக் காம்பு அவங்க கண்ணையே குத்தப் பாத்துச்சு. ரேடியோ கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? ஒண்ணும் சொல்லல. விட்டுட்டாங்க."

"அதானே. மனுஷன்னா வரத்தான் செய்யும்" என்று அவர் அடுக்களைப் பக்கம் போனார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்யை நிறுத்தியாயிற்று.

ஆனால் நிலையம் விடவில்லை. நீதிபதியின் மகள் தொலைபேசியில் அழுதிருந்தாள். அப்பாவின் சாவைக் கேலி செய்தீர்களா என்று கேட்டாளாம். நிலைய இயக்குநர் அம்மாள் அதிகம் பேசாதவர், அதனாலேயே எல்லாருக்கும் பயம். மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டுப் பதிவைப் போட்டுக் கேட்டார். பதிவில் ஏப்பம் இருந்தது, முகவரி இல்லை. இயக்குநர் இடியைப் பார்த்தார். இடி தலையைக் குனிந்தார். நியூஸக்கா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இனிமே நேரலைக்கு நீங்க வேணாம்" என்றார் இயக்குநர். "இப்போதைக்குப் பழைய நாடா அறையில இருங்க. நிரந்தரமா அங்கேயா, திரும்பி வரலாமான்னு மாசக் கடைசியில முடிவு பண்றேன்."

நேரலை என்றால் இடிக்கு உயிர். சிவப்பு விளக்கு எரிகிற அந்த நொடிக்காகவே வேலைக்கு வருகிற ஆள். நாடா அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் கிடையாது. பழைய ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு.

நியூஸக்கா அந்தப் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது தற்செயல் அல்ல. உணவுக்கூடத்தில் உட்கார முடியவில்லை. யாராவது ஒருவர் "ஈடுசெய்ய முடியாத" என்று ஆரம்பிப்பார், இன்னொருவர் தொண்டையால் சத்தம் எழுப்புவார், மொத்த மேசையும் "இழப்பு!" என்று கத்தும். "நம்ம இடி கலக்கிட்டாருப்பா!" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தாள் என்பதுதான் கொடுமை. அடுத்த நாள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

இடி வெளியே வந்தவர் இவளைக் கண்டதும் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லணும்னே இருந்தேன். மன்னிச்சுக்குங்க. என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு."

நியூஸக்காவுக்கு வாயில் போட்ட கவளம் இறங்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. என்ன சொன்னாள் தெரியுமா?

"ஐயோ அண்ணே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. விடுங்க."

பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாளாம். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அவசரமாக இன்னும் இரண்டு வாய் விழுங்கினாள், புரையேறியது, இருமினாள், தொண்டையைச் செருமினாள். செருமல் நிற்கவில்லை.

இடி தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க குரலை ஹெட்ஃபோன்ல தினம் கேட்டவன் நான். கொஞ்ச நாளாவே கரகரங்குது. வாக்கியத்துக்கு ஒரு தடவ செருமுறீங்க. சளின்னு நினைச்சீங்களா?"

"சளிதான் அண்ணே. ஏசி ஒத்துக்கல."

"சளியா இருக்காது. வயித்துப் புளிப்பு மேல ஏறுது. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க, குரல் விஷயம்."

டாக்டரும் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். குரல் நாண் வீங்கியிருக்கிறது, கீழேயிருந்து அமிலம் ஏறி ஏறி அரித்திருக்கிறது, மாத்திரை தருகிறேன், ஆனால் சாப்பிடுகிற லட்சணத்தை மாற்றாவிட்டால் மாத்திரை மட்டும் என்ன செய்யும் என்று கேட்டார். குரல் போய்விடுமோ என்று நினைத்ததும் அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அங்கே ஏற்கெனவே போதுமான புளிப்பு இருந்தது, அது வேறு விஷயம்.

அதிலிருந்து தினமும் பெஞ்சுதான். இடி பாடமெல்லாம் நடத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இவள் செய்வதைப் பார்த்து, போகிறபோக்கில் ஏதாவது சொல்வார். "கரண்டியைக் கீழ வைங்க மேடம், வாயில இருக்கிறது முதல்ல போகட்டும். பஸ்ஸு போயிடாது." ஒரு நாள் சோடா பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "காத்தை விலைக்கு வாங்கிக் குடிச்சுட்டு, அதை வெளிய விட மூலை தேடுறீங்களா? நல்லா இருக்கு கதை!" வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பி என்று கேட்டதும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. காலையில் வாழைப்பழமோ ரொட்டியோ ஏதாவது அரை வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொன்னார். செய்திக்குப் போவதற்குள் அது தானாகச் செரித்துவிடும், வயிறும் வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்றார்.

ராத்திரி சீக்கிரம் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, வயிற்றை இறுக்கிக் கட்டக் கூடாது, தெருவில் மெல்ல ஒரு நடை போய்வந்தால் நல்லது. இதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது? நியூஸக்காவே வானொலியில் பத்துத் தடவை வாசித்திருப்பாள். வாசித்ததைச் செய்ய வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது. கட்டில் தலைமாட்டை உயர்த்த வேண்டும் என்றதும் கணவர் பழைய மூக்குக்கண்ணாடிப் பட்டியல் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக அந்தப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் வைத்தார். முதல் நாள் இருவரும் தூக்கத்தில் சறுக்கிக் கால்மாட்டில் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பழகிவிட்டது.

குணம் தெரிய ஆரம்பித்தது. நெஞ்சு எரியவில்லை. மாத்திரை அட்டை பைக்குள்ளேயே கிடந்து கசங்கியது. செருமல் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் மதியம் அவள் "வணக்கம்" என்று சொன்னபோது, அந்தக் குரல் எப்போதோ அவளை விட்டுப் போயிருந்த பழைய குரலாக இருந்தது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் வயிறு லேசாக லேசாக மனசு கனத்துக்கொண்டே போயிற்று. அதற்குக் காரணம் அந்த டப்பா.

இடியின் மனைவி தினமும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொடுத்து அனுப்புவாள். குழைய வடித்த சோறு, காரமில்லாமல் வேகவைத்த காய், கொஞ்சம் தயிர். ஒரு நாள் நியூஸக்கா கொண்டுவந்த பொரித்த சமாச்சாரத்தைப் பார்த்துவிட்டு இடி தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"இத சாப்பிட்டுப் பாருங்க. தொண்டைக்கு இதம்."

"உங்களுக்கு?"

"எனக்கு வேணாம் மேடம். நான் கஞ்சித் தண்ணி குடிச்சுக்கறேன். அவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் அன்னிக்கு வந்துடுச்சே. அப்படின்னா இன்னும் குறைக்கணும்னுதானே அர்த்தம்? டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோனா வீட்ல அவ மனசு ஒடிஞ்சுடும். நீங்க சாப்பிட்டா எனக்கு உபகாரம்."

சாப்பிட்டாள். அன்றைக்கு மட்டுமா? மறுநாளும் சாப்பிட்டாள், அதற்கு மறுநாளும். மெதுவாக, நன்றாக மென்று, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே சாப்பிட்டாள். பக்கத்தில் அவர் ஒரு பாட்டிலிலிருந்து கலங்கலான தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அவள் சாப்பிடுவதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய இடுப்புப் பட்டையில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று தெரிந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பெஞ்சிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க சாப்பிடணும். இப்படி இருந்தா உடம்பு என்னாகும்?"

"சாப்பிட பயமா இருக்கு மேடம்" என்றார் அவர். "வெளிய சொன்னா சிரிப்பாங்க. ஒரு வாய் எடுத்தா, இது எங்க போய் எப்ப சத்தமா வருமோன்னு இருக்கு."

இதைக் கேட்ட பிறகும் அவள் சொல்லவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஓர் ஏப்பத்தைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது சொல்வதென்றால் ஏப்பம் போய், பொய் வந்து நின்றது. அவர் கேட்ட மன்னிப்பு, அவர் சொன்ன வைத்தியம், அவர் பட்டினி, அவர் மனைவி சமைத்த சோறு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு நாளும் வரிசை நீண்டது.

ஒரு தடவை இயக்குநர் அறை வரை போனாள். போனாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கதவைத் தட்டி உள்ளேயும் போய்விட்டாள். இயக்குநர் நிமிர்ந்து, "சொல்லுங்க" என்றார். நியூஸக்கா நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாசிப்பு அறையில் ஏசி சத்தம் போடுகிறது, யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கே ஆள் வந்து ஏசியைச் சரிசெய்தான்.

கணவருக்கோ ஒரே சந்தோஷம். "குரல் மணியா இருக்கேம்மா! கடையில எல்லாரும் கேக்குறாங்க. யாரு இந்த வைத்தியம் சொல்லிக்குடுத்தது?"

"ஆபீஸ்ல ஒரு அண்ணன்."

"நல்ல மனுஷன் போல. ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடு, ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும்."

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். அவரிடம் மட்டும் முழுவதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். அன்றைக்கு அவர் அதற்கு மேல் அவளோடு பேசவில்லை.

மறுநாள் மதியம் அவள் பெஞ்சுக்குப் போனபோது இடி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். தலையை நன்றாக வாரியிருந்தார். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. டப்பாவை அவள் கையில் கொடுத்து, "நீங்க சாப்பிடுங்க மேடம், ஆறிடும்" என்றார். அவள் உட்கார்ந்து திறந்தாள். பழக்க தோஷம், ஒரு வாய் எடுத்தும் வைத்துவிட்டாள்.

"எங்க அண்ணே கிளம்பிட்டீங்க?"

"டைரக்டரம்மாவைப் பாக்க. முடிவை அவங்க எடுக்க வேணாம், நானே சொல்லிடறேன். எனக்கு நேரலை இனிமே வேணவே வேணாம், ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்கயே இருந்துடறேன்." இடுப்புப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேற யாரு சாவு செய்தியிலயாவது திரும்ப வந்துட்டா? அந்த நீதிபதி பொண்ணு அழுதுச்சாமே. என் வயித்தை நம்ப எனக்கே தைரியம் இல்ல மேடம்."

திரும்பி நடந்தார். நாலடி போயிருப்பார்.

"அண்ணே, அது நீங்க இல்ல."

அவர் நின்றார்.

"அது நான். சோடா குடிச்சுட்டு ஓடிவந்தேன். என் வாயிலேருந்துதான் வந்துச்சு, வரும்போதே எனக்குத் தெரியும். அதிகாரி கேட்டப்ப உங்க மேல பழியைப் போட்டுட்டேன். இத்தனை நாளும் தெரிஞ்சேதான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் திரும்பி வந்து பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவா?" என்றார். "அப்ப… எனக்கு வரலையா?"

"வரல அண்ணே."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்படின்னா எனக்குச் சரியாயிடுச்சா? நான் நல்லாத்தான் இருந்திருக்கேனா?"

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கோபத்துக்கு அவர் இன்னும் வந்து சேரவே இல்லை. வழியில் இதைக் கண்டு இங்கேயே நின்றுவிட்டார். ஃபோனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார், அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டனும் அமுங்கி, மணி போவது வெளியில் சத்தமாகவே கேட்டது.

"ஏய், நான்தான். அது நான் இல்லையாம்! அன்னிக்கு ரேடியோவுல வந்துச்சே, அது என்னுது இல்லையாம். நமக்குச் சரியாத்தான் ஆகியிருக்கு. நீ செஞ்சது எதுவும் வீண் போகல!"

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. "அப்ப யாராம்?" என்றாள்.

இடி நியூஸக்காவைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அந்த இருட்டறை, அந்த மன்னிப்பு, அந்தப் பெஞ்சு எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக அவருக்கு எட்டுவது தெரிந்தது. நியூஸக்கா கையை நீட்டினாள். ஃபோனைக் கொடுத்தார்.

"நான்தாங்க" என்றாள். அந்தக் குரல் யாருடையது என்று ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "செய்தி வாசிக்கிறவ. அந்த ஏப்பம் என்னுது. பழியை உங்க வீட்டுக்காரர் மேல போட்டுட்டேன். இப்பவே மேல போயி டைரக்டர்கிட்டயும் சொல்லப் போறேன்."

வசவு வரும் என்று அவள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வந்தது வேறு.

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டப்பா தினமும் காலியாத்தான் வருது. ஆனா ஆளு எலும்பாயிட்டே போறாரு. என் சமையல்ல என்ன குறைன்னு தெரியாம நானும் அழுதுட்டே இருக்கேன். பக்கத்துலதானே இருக்கீங்க? இன்னிக்காவது அவரு சாப்பிட்டாரா?"

நியூஸக்கா மடியில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் சோறு குறைந்திருந்தது.

"இல்லைங்க" என்றாள். "அதையும் தினமும் நான்தான் சாப்பிட்டேன்."